உறுமினா அடிக்காதீங்க, அது நோட்டீஸ் குடுக்குது! - நாய் வளர்ப்பு கேள்வி-பதில்

போன இதழ்ல உண்ணி பத்தி எழுதினேன். அதைப் பத்தி வந்த லெட்டரை விட "டாக்டர், எங்க வீட்டு நாய் எங்களையே கடிக்க வருது"ன்னு வந்த லெட்டர்தான் ஜாஸ்தி. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் பத்தாது, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து சுருக்கிட்டேன். பாதிப் பேரு "பேர் போடாதீங்க, அபார்ட்மெண்ட்ல தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க"ன்னு கேட்டிருந்தாங்க, அதனால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டர் சார், எங்க லேப்ரடார் நாய் பேரு ப்ரூனோ, ரெண்டரை வயசு. சாப்பிடறப்ப பக்கத்துல போனா உறுமுவான். எங்க வீட்டுக்காரர் "சோறு போடற எங்கிட்டயே உறுமறியா"ன்னு செருப்பால ரெண்டு வைப்பார். ஆறு மாசத்துல உறுமறதே நின்னு போச்சு, திருந்திட்டான்னு சந்தோஷமா இருந்தோம். போன வாரம் எங்க பையன், 7 வயசு, தட்டுப் பக்கம் உருண்டு போன பந்தை எடுக்கக் குனிஞ்சான். ஒரு சத்தம் இல்ல, நேரா கையைக் கவ்விட்டான். மூணு பல்லு பதிஞ்சிருக்கு. நல்லா இருந்த நாய் திடீர்னு ஏன் சார் இப்படி? (மதுரை)

பதில்: மொதல்ல பையனுக்கு ஊசி போட்டாச்சான்னு நீங்க எழுதவே இல்லம்மா. போடலைன்னா இந்தப் பக்கத்தை மடிச்சு வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, மிச்சத்தை வந்து படிச்சுக்கலாம். ஊசி பத்தி கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

உறுமறது நின்னதும் திருந்திட்டான்னு நினைச்சீங்க பாருங்க, வினையே அங்கதான். உறுமறதுங்கறது நாய் நமக்குக் குடுக்கிற நோட்டீஸ். "எனக்குப் பிடிக்கல, கொஞ்சம் தள்ளிப் போ"ன்னு சொல்லுது, அவ்வளவுதான். நோட்டீஸ் குடுத்தா செருப்படி விழுதுன்னு ஆறு மாசமா அதுக்குப் பாடம் எடுத்திருக்கீங்க, அதுவும் கெட்டிக்கார நாய், கத்துக்கிச்சு. நோட்டீஸ் குடுக்கிறதை விட்டுட்டு நேரா ஜப்திக்கு வந்துடுச்சு. தட்டைப் பத்தின பயம் மட்டும் அப்படியே இருக்கு, சொல்லப்போனா ஏறியிருக்கு, ஏன்னா தட்டுக்கிட்ட மனுஷன் வந்தா செருப்பும் கூடவே வரும்னு இப்ப அதுக்கு நல்லாத் தெரியும்.

இது நான் சும்மா சொல்றது இல்ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்தைப் பிரச்சினைன்னு வந்த 140 நாய்களோட ஓனர்ங்ககிட்ட, வீட்டுல இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தீங்கன்னு கேட்டு 2009ல வெளியிட்டாங்க. அடிச்சேன் உதைச்சேன்னு சொன்னவங்கள்ல 43 சதவீதம் பேருகிட்ட நாய் பதிலுக்கு சீறியிருக்கு. வாயில இருந்ததை வலுக்கட்டாயமா பிடுங்கினவங்கள்ல 39 சதவீதம். சோறு போட்டவங்கற நன்றி எல்லாம் அந்த நேரத்துல வேலைக்கு ஆகாதும்மா.

இன்னொண்ணு, "ஒரு சத்தம் இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. சத்தம் இருந்திருக்காது, ஆனா சைகை இருந்திருக்கும். பையன் கிட்ட வந்ததும் வாய் தட்டுலயே இருக்கும், மெல்றது மட்டும் சட்டுனு நிக்கும். உடம்பு விறைக்கும். தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் பக்கவாட்டுல உருட்டும், ஓரத்துல வெள்ளை முழி பிறை மாதிரி தெரியும். சில நாய் அந்த நேரம் பாத்து சோத்தை அவசரமா முழுங்கும், சிலது பசியே இல்லாம நாக்கால மூக்கை நக்கும், தூக்கம் வராமயே கொட்டாவி விடும். இது எல்லாம் ஒரு ரெண்டு மூணு செகண்ட்தான். வாலு ஆடிக்கிட்டுதானே இருந்துச்சுன்னு நிறைய பேரு சொல்வாங்க, வாலைத் தூக்கி விறைப்பா மேல மட்டும் வெடவெடன்னு ஆட்டினா அது பாசம் இல்ல. பாசத்துல ஆட்டற நாய் இடுப்போட சேந்து ஆடும்.

இனிமே என்ன பண்றதுன்னா, ப்ரூனோ தட்டு வீட்டு நடுவுல இருக்க வேணாம். பின்கட்டுலயோ ஒரு ரூம்லயோ வச்சுட்டு கதவைச் சாத்திடுங்க, சாப்பிட்டு முடிச்சு தட்டை எடுத்த பிறகு கதவைத் தொறங்க. பையன் இந்த ட்ரெயினிங்ல எந்த வேலையும் பாக்க வேணாம். பெரியவங்க மட்டும், அதுவும் அடிக்காத ஆளா பாத்து, நீங்களே பண்ணுங்க. அது சாப்பிடறப்ப ஏழெட்டு அடி தள்ளி சாதாரணமா நடந்து போங்க, போற போக்குல வேகவச்ச சிக்கன் துண்டு ஒண்ணைத் தட்டுக்கிட்ட தூக்கிப் போட்டுட்டு நிக்காம போயிடுங்க. உப்பு மசாலா எதுவும் இல்லாத சிக்கன். அவ்வளவுதான் அன்னைக்கு. நீங்க வர்றதைப் பாத்ததும் அது விறைக்காம "இன்னைக்கு என்ன கொண்டு வந்திருக்க"ன்னு தலையைத் தூக்கிப் பாக்க ஆரம்பிக்கும், அந்த முகத்தைப் பாத்த பிறகு அடுத்த நாள் ஒரு அடி கிட்ட வாங்க. விறைச்சுதுன்னா நீங்க அவசரப்பட்டீங்கன்னு அர்த்தம், ரெண்டு அடி பின்னால போங்க. இதுக்கு வாரக்கணக்கு ஆகும், சில வீட்டுல மாசக்கணக்கு. சாக்ஸ், செருப்பு, எலும்புன்னு எதையாவது வாயில வச்சுக்கிட்டு உறுமினாலும் இதே கணக்குதான், பிடுங்காதீங்க, அதை விட நல்லது ஒண்ணைக் காட்டி பண்டமாத்து பண்ணுங்க.

அது திரும்ப உறுமினா சந்தோஷப்படுங்க, நோட்டீஸ் திரும்ப வர ஆரம்பிச்சிருக்கு. வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்க, செருப்பை ஒளிச்சு வைங்க.

கேள்வி: பச்சைக் கறியும் ரத்தமும் போட்டு வளத்தா நாய்க்கு வெறி ஏறும், மிளகாய் குடுத்தா ரோஷம் வரும்னு எங்க தாத்தா சொல்றார். உண்மையா? (திண்டுக்கல்)

பதில்: தாத்தாவை நான் மதிக்கிறேன், ஆனா இது இல்ல. பச்சைக் கறியால வர்றது பேதியும் குடல் புழுவும்தான், வெறி இல்ல. மிளகாய் குடுத்தா வயிறு எரியும், வயிறு எரியற எந்தப் பிராணியும் சிடுசிடுன்னுதான் இருக்கும், அதைப் பாத்துட்டு ரோஷம்னு பேரு வச்சிருக்காங்க.

கேள்வி: ராஜபாளையம் குட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன் சார், அதுக்கு ரெண்டு மாச வயசு. ஆள் பாக்க விடாம கட்டிப் போட்டு வளத்தாதான் நல்ல காவல் நாயா வரும்னு குட்டி குடுத்தவர் சொன்னார். ஆனா எங்க வீட்டுல கூட்டுக் குடும்பம், சொந்தக்காரங்க வந்து போயிட்டே இருப்பாங்க, நாளைக்கு யாரையும் கடிச்சிடக் கூடாது. எப்படி வளக்கணும்? (சிவகாசி)

பதில்: தம்பி, சரியான நேரத்துல கேட்டீங்க. ரெண்டு வயசுல வந்து கேட்டிருந்தா பதில் ரொம்ப நீளம்.

குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து சுமார் பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும் ஒரு ஜன்னல் தொறந்திருக்கும். அந்த நேரத்துல பாத்தது, மோந்தது, கேட்டது எல்லாம் "இது நம்ம உலகம்"னு கணக்குல சேந்துடும், பாக்காதது எல்லாம் அப்பறம் பயமா மாறும். 1961லயே அமெரிக்காவுல இதை சோதனை பண்ணிப் பாத்தாங்க, பதினாலு வாரம் வரைக்கும் மனுஷ வாடையே படாம ஒதுக்கி வளத்த குட்டிங்க அதுக்குப் பிறகு ஆளைக் கண்டாலே காட்டு மிருகம் மாதிரி மிரண்டுச்சு. கட்டி வச்சு வளத்தா வர்றது காவல் புத்தி இல்ல, பயம். பயந்த நாய் திருடனையும் கடிக்கும், உங்க அத்தையையும் கடிக்கும், பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ராஜபாளையத்துக்கு காவல் ரத்தத்துலயே இருக்கு, நாம ஒண்ணும் ஊட்ட வேணாம். 2005ல தபால் தலை போட்டுப் பெருமைப்படுத்தின நாய் அது, வாசல்ல நின்னாலே போதும்.

உங்க கையில இன்னும் நாலு ஆறு வாரம்தான் இருக்கு. தடுப்பூசி முடியலையே, வெளிய விட்டா பார்வோங்கற வைரஸ் நோய் வருமேன்னு பயம் இருக்கும், அது நியாயமான பயம். தரையில விடாதீங்க, கட்டைப் பையில துண்டு விரிச்சு உக்கார வச்சு தூக்கிட்டுப் போங்க. டீக்கடை வாசல்ல பத்து நிமிஷம் நில்லுங்க. பஸ் ஸ்டாண்ட் ஹாரன், ஹெல்மெட் போட்ட ஆள், குடை பிடிச்ச பாட்டி, தாடி வச்ச ஐயா, யூனிஃபார்ம் போட்ட பசங்க, வெல்டிங் கடை சத்தம், எல்லாத்தையும் பையில இருந்தபடியே பாக்கட்டும். புதுசா ஒண்ணு பாக்கறப்ப எல்லாம் வாயில ஒரு சின்னப் பொறைத் துண்டு. மிரண்டா தள்ளிப் போங்க, "பழகிக்கட்டும்"னு பிடிச்சு வச்சு காட்டாதீங்க. உங்க ஊர்ல பட்டாசுச் சத்தத்துக்குப் பஞ்சமே இல்ல, அதையும் தூரத்துல இருந்து ஆரம்பிங்க.

குட்டி வெளையாட்டுக்குக் கடிக்கும், அது வேற. பல்லு நறுக்குனு பட்டா விளையாட்டை நிறுத்திட்டு எழுந்து போயிடுங்க, அரை நிமிஷம் போதும். கூடப்பொறந்த குட்டிங்களும் இப்படித்தான் பாடம் எடுக்கும், அதனாலதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்கன்னு சொல்றது. இன்னொரு விஷயம், சுத்த வெள்ளை ராஜபாளையத்துல பொறவிலயே காது கேக்காத குட்டிங்க உண்டு. அது தூங்கறப்ப பின்னால இருந்து கையைத் தட்டிப் பாருங்க. கேக்கலைன்னா குட்டியைத் திருப்பிக் குடுக்க வேணாம், ஆனா பின்னால வந்து தொட்டு எழுப்பற பழக்கம் வீட்டுல யாருக்கும் இருக்கக் கூடாது, திடுக்குனு முழிச்சா கடிச்சிடும்.

அப்பறம் அந்தச் செயின். குட்டைச் செயின்ல ரொம்ப நேரம் கட்டிப் போடறதும், கட்டியே வச்சிருக்கிற நாயை நடக்க விடாம இருக்கிறதும் 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம், அதுல நாய்னே தனியா எழுதி வச்சிருக்காங்க. குட்டி குடுத்தவருக்கும் சொல்லுங்க.

கேள்வி: ராட்வீலர் வாங்கலாம்னு இருக்கேன். தடை பண்ணிட்டாங்களா இல்லையா? (சேலம்)

பதில்: 2024 மார்ச்ல மத்திய அரசு 23 வகை நாய்களுக்கு லைசென்ஸ் குடுக்காதீங்கன்னு மாநிலங்களுக்கு எழுதினாங்க, அடுத்த மாசமே கர்நாடக ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அதே வருஷம் மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குல மாநகராட்சி பார்க்ல ரெண்டு ராட்வீலர் அஞ்சு வயசுக் குழந்தையைக் குதறினது எல்லாரும் டிவில பாத்திருப்பீங்க. விதி ஊருக்கு ஊர் மாறுது, வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாநகராட்சியில கேட்டுருங்க.

என் அபிப்பிராயம் கேட்டா, ஜாதி மட்டுமே நாயைக் கெட்டதாக்காது, ஆனா பாமரேனியன் கடிச்சா பேண்டேஜ், ராட்வீலர் கடிச்சா ஆபரேஷன் தியேட்டர். நாற்பது அம்பது கிலோ நாய் இழுத்தா உங்களால நிக்க முடியுமா, வீட்டுல உங்களைத் தவிர வேற யாரால நிக்க முடியும், தினம் ரெண்டு வேளை நடத்த நேரம் இருக்கா, இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வாங்குங்க. கெத்துக்கு வாங்கற நாய்தான் கடைசியில மொட்டை மாடியில கட்டிக் கிடக்கும், அப்படி வளந்த நாய் என் க்ளினிக்குக்கு வர்றப்ப எனக்கே உதறும்.

கேள்வி: நாய் நம்மை விட பெரிய ஆள்னு நினைச்சுக்குது, அதைப் புரட்டிப் போட்டு கழுத்தை அமுக்கி நீங்கதான் லீடர்னு காட்டணும்னு எங்க ட்ரெயினர் சொல்றார். செஞ்சா நாய் மூத்திரம் போயிடுது, அப்பறம் ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில இருந்து வரவே மாட்டேங்குது. தொடரலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: வேணாம். ட்ரெயினரை மாத்துங்க.

இந்த லீடர் கதை எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. 1947ல ருடால்ஃப் ஷென்கல்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்து பாசல் ஊர் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து எழுதினார், அதுங்களுக்குள்ள எப்பவும் அடிதடி, ஜெயிச்சது தலைவன்னு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத ஓநாய்களை ஒரே கூண்டுல போட்டா அடிச்சுக்காம என்ன பண்ணும், நம்மளையே அப்படி அடைச்சு வச்சா தெரியும். டேவிட் மெக் 1970ல எழுதின ஓநாய் புத்தகம் இதை ஊர் முழுக்கப் பரப்புச்சு. அதே மெக் அப்பறம் கனடாவுல காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கா கூட இருந்து பாத்துட்டு, அது ஒரு அப்பா அம்மா புள்ளைங்க இருக்கிற குடும்பம், தலைவன் பதவிச் சண்டை எல்லாம் இல்லன்னு 1999ல எழுதிட்டார், தன்னோட பழைய புத்தகத்தையே இனி அச்சடிக்காதீங்கன்னு பப்ளிஷர்கிட்ட கேட்டவர் அவர். புத்தகம் எழுதினவரே விட்டுட்டார், நம்ம ட்ரெயினர்தான் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கார்.

உங்க நாய் மூத்திரம் போறது மரியாதையில இல்ல, உயிர் பயத்துல. அந்த 2009 கணக்குல இப்படிப் புரட்டிப் போட்டவங்கள்ல 31 சதவீதம் பேருகிட்ட நாய் சீறியிருக்கு. ஷாக் அடிக்கிற பெல்ட், முள்ளு பெல்ட்டுக்கும் இதே பதில்தான். வேற ட்ரெயினர் பாக்கறப்ப "தப்பு பண்ணா என்ன செய்வீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, கையை ஓங்கிக் காட்டினார்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.

கேள்வி: எங்க டைகர் வீட்டுல தங்கம். ஆனா டெலிவரி பசங்க, கூரியர், சிலிண்டர் போடறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர் யாரு வந்தாலும் கேட்டுல ஏறிக் குதிக்கிறான். போன மாசம் கேட் தொறந்திருந்து ஒரு டெலிவரி தம்பி கெண்டைக்காலைக் கடிச்சிட்டான். தடுக்கப் போய் பெல்ட்டைப் பிடிச்சேன், திரும்பி என் கையையும் கடிச்சிட்டான். நாய்கள் ஜாக்கிரதை போர்டு மாட்டியிருக்கோமே சார், எங்க மேல தப்பு வருமா? (தாம்பரம்)

பதில்: வரும். போர்டு மாட்டினா கடிக்க லைசென்ஸ் கிடைச்ச மாதிரி நினைக்கிறோம், அது கடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுக்கு அந்த போர்டே சாட்சியா நிக்கலாம். நம்ம பிராணியால அடுத்தவங்களுக்கு ஆபத்து வராம பாத்துக்காம விட்டா பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். சட்டம் கிடக்கட்டும், அந்தத் தம்பிக்கு ஊசிச் செலவும் அன்னைக்குப் போன கூலியும் குடுத்தீங்களா? நாலு நாள் வண்டி மிதிக்க முடியலைன்னா அவருக்கு சம்பளம் கிடையாது.

டைகர் கணக்குல அவன் ஜெயிச்சுக்கிட்டே இருக்கான். கூரியர்காரர் வர்றார், இவன் குரைக்கிறான், அவர் பார்சலைக் குடுத்துட்டுப் போயிடறார். அவர் எப்படியும் போகத்தான் போறார், ஆனா இவன் என்ன நினைக்கிறான், "நான் குரைச்சேன், அவன் ஓடிட்டான்". தினம் நாலு தடவை இந்த வெற்றி. ஒரு வருஷத்துல எத்தனை வெற்றின்னு கணக்குப் போட்டுப் பாருங்க. குரைக்கிற நாய் கடிக்காதுன்னு பழமொழி சொன்னவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்திருக்க மாட்டார்.

அந்த வெற்றியை நிறுத்தணும். கேட் கம்பியில கீழ்ப் பாதிக்கு தகரமோ ஷீட்டோ அடிச்சு தெருவை மறைச்சுடுங்க, பாதிக் குரைப்பு அதுலயே குறையும். பார்சல் வர்ற நேரம் தெரியும்ல, ஆப்ல காட்டுதே, அவர் தெருமுனைக்கு வர்றப்பவே டைகரை உள்ள ரூம்ல விட்டு கதவைச் சாத்துங்க. கேட்டுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போடுங்க. காலிங் பெல் சத்தத்தை மொபைல்ல பதிவு பண்ணி, யாரும் வராத நேரத்துல மெதுவா வச்சு, பெல் அடிச்சா உள் ரூம்ல அவன் பாயில ஈரல் துண்டு கிடைக்கும்னு பழக்குங்க. பெல்னா கேட்டுக்கு ஓடணும்ங்கறது போய் பெல்னா பாய்க்கு ஓடணும்னு ஆகும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தை ஏத்துங்க.

உங்களைக் கடிச்சது உங்க மேல கோவம் இல்ல. ஆவேசத்துல இருக்கிற நாய்க்கு தன்னைப் பிடிக்கிறது யார் கைன்னே தெரியாது, திரும்பி எது படுதோ அதைக் கவ்வும். அடுத்த தடவை பெல்ட்டைப் பிடிக்காதீங்க. ரெண்டு நாய் சண்டை போடறப்ப நடுவுல கை விடறவங்களுக்கும் இதான் கதி, தண்ணி ஊத்துங்க, தட்டைத் தட்டுங்க, பலகையை நடுவுல சொருகுங்க, கை மட்டும் வேணாம்.

கேள்வி: எங்க ஜிம்மி 9 வயசு, வெள்ளை சடை நாய். இத்தனை வருஷம் ஒரு எறும்பைக் கூட கடிச்சது இல்ல. ஒரு மாசமா தலையைத் தடவினாலே சீறுது, நேத்து பாட்டி விரலைக் கடிச்சிடுச்சு. வயசானா குணம் மாறிடுமா? (திருச்சி)

பதில்: திடீர்னு குணம் மாறின வயசான நாய்க்கு மொதல்ல நான் புத்தியைப் பாக்க மாட்டேன், உடம்பைத்தான் பாப்பேன். தலையைத் தடவினா சீறுதுன்னு நீங்களே துப்பு குடுத்துட்டீங்க. காதைத் தூக்கி மோந்து பாருங்க. புளிச்ச வாடை வருதா, உள்ள காப்பித் தூள் மாதிரி அழுக்கு இருக்கா, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு உதறுதா? சடை நாய்ல காதுப் புண் முடிக்குள்ள மறைஞ்சு கிடக்கும், மாசக்கணக்குல யாருக்கும் தெரியாது. இதே மாதிரி வந்த ஒரு நாய்க்கு நான் காதை விரிச்சுப் பாத்தா உள்ள உண்ணி வரிசையா உக்காந்திருந்துச்சு, காது பூரா வீக்கம், அதைத் தொட்டா யாருதான் கடிக்க மாட்டாங்க. சுத்தம் பண்ணி மருந்து விட்டு பத்து நாள்ல பழையபடி மடியில வந்து படுத்துக்கிச்சு.

காது சரியா இருந்தா பல்லு, அப்பறம் இடுப்பு முழங்கால் மூட்டு, கண்ணுல புரை. பாதி பார்வை போன நாய்க்கு பாட்டி கை திடீர்னு ஆகாசத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கும், பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு தொடச் சொல்லுங்க. தைராய்டு குறைஞ்சாலும் சில நாய் இப்படி ஆகுது, ரத்தம் எடுத்துப் பாக்கணும். மாட்டாஸ்பத்திரிதானேன்னு யோசிக்காதீங்க, அரசு கால்நடை ஆஸ்பத்திரியிலயே காட்டலாம். போறப்ப அது சீறறதை தூரத்துல இருந்து ஒரு வீடியோ எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முன்னாடி இதுங்க எல்லாம் நல்ல புள்ளையா நடிக்கும். வலி மாத்திரைன்னு நம்ம வீட்டுல இருக்கிற பாராசிட்டமால், புரூஃபென் எதுவும் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷம் மாதிரி.

பாட்டி விரலுக்கு ஊசி? அடுத்த பதில் உங்களுக்கும்தான்.

கேள்வி: எங்க நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போடறோம். லேசா பல்லு கீறினதுக்கு நாங்க ஊசி போட்டுக்கணுமா? (தஞ்சாவூர்)

பதில்: மொதல்ல குழாயைத் தொறந்து ஓடற தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. பதினஞ்சு நிமிஷம்னா கடிகாரத்தைப் பாத்து, கொஞ்சம் கைவலிக்கும் அளவுக்கு. சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித் தூள், மிளகாய்த் தூள் எதுவும் அப்பாதீங்க. இறுக்கிக் கட்டும் போடாதீங்க, தையல் போடணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லட்டும்.

அப்பறம் ஆரம்ப சுகாதார நிலையம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போங்க, போட்ட தேதி எழுதின புக்கை எடுத்துட்டுப் போங்க, முடிவை அவங்க எடுக்கட்டும். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். கடிச்ச அன்னைக்கு ஒண்ணு, அப்பறம் 3, 7, 28வது நாள்னு தோள்ல போடுவாங்க. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசிங்கறது எல்லாம் பழைய காலம், இன்னும் அதுக்குப் பயந்துக்கிட்டு ஒளியறவங்க இருக்காங்க. தோலு கிழிஞ்சு ரத்தம் வந்திருந்தா காயத்துக்குள்ளயே இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்தும் போடணும், அதைக் கேட்டு வாங்குங்க. நாயைப் பத்து நாள் கட்டி வச்சுக் கவனிங்க, ஆனா பத்து நாள் பாத்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு உக்காந்துடாதீங்க. ஊசியை இன்னைக்கே ஆரம்பிக்கணும், பத்து நாள்ல நாய் நல்லா இருந்தா மிச்ச ஊசியை என்ன பண்றதுன்னு டாக்டர் சொல்லுவார். ரேபிஸ் நோய் வெளிய தெரிஞ்ச பிறகு காப்பாத்த மருந்து இல்ல. லேசாக் கீறினதுன்னு விட்டவங்க கதையை நான் கேட்டிருக்கேன், எழுத மனசு வரல.

கேள்வி: ஆண் நாய்க்கு கருத்தடை பண்ணா கடிக்கிறது நிக்குமா? (ஈரோடு)

பதில்: ஊர் சுத்தறது, பொட்டை நாய்க்காக அடிச்சுக்கறது குறையலாம். பயத்துல கடிக்கிற நாய்க்கு அதனால பயம் போகாது, சிலதுக்கு கூடவும் செய்யும். நாயை நேர்ல காட்டி முடிவு பண்ணுங்க.

கேள்வி: எங்க நாய் இதுவரைக்கும் மூணு பேரைக் கடிச்சிடுச்சு. அம்மா "எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வா"ன்னு அழறாங்க. எனக்கு மனசு வரல. என்ன சார் பண்றது? (சென்னை)

பதில்: அம்மா அழறதுல நியாயம் இருக்குப்பா, அவங்க பயத்தோட தினமும் சமைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆனா ஈ.சி.ஆர்ல வண்டியை நிறுத்தி கதவைத் தொறந்து விட்டுட்டு வர்றது தீர்வு இல்ல. அது பட்டினி கிடந்து சாகும், இல்ல நாலாவது ஆளைக் கடிக்கும், அந்த ஆள் யாருன்னு கூட உங்களுக்குத் தெரியாது. கைவிடறதும் அதே 1960 சட்டத்துல குத்தம்தான். கடிச்ச விஷயத்தை மறைச்சு வேற வீட்டுக்குக் குடுக்கிறது அதை விட மோசம்.

எல்லா நாயையும் மாத்திடலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். எச்சரிக்கையே இல்லாம ஆழமாக் கடிக்கிற, வீட்டுல கைக்குழந்தை இருக்கிற ஒண்ணு ரெண்டு கேஸ்ல கனத்த மனசோட கடைசி முடிவு எடுத்தது உண்டு. அது பத்து லெட்டர்ல ஒண்ணு கூட இல்ல. மூணு கடியும் எங்க, யாரை, எந்த நேரம், அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, மூணுலயும் பொதுவா ஒண்ணு இருக்கும். அதோட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அதுவரைக்கும் அம்மா பயமில்லாம நடக்கணும்ல, அதுக்கு மசில், அதாவது நாய்க்குப் போடற வாய்மூடி, பழக்குங்க. துணி மசில் வாங்காதீங்க, வாயை இறுக்கிக் கட்டிடும், நாய் வாயைத் தொறந்து மூச்சிரைச்சுதான் உடம்புச் சூட்டை எறக்கும், சென்னை வெயில்ல அதைப் போட்டு நடத்தினா மயங்கி விழுந்துடும். கூடை மாதிரி இருக்கிற மசில் வாங்குங்க, தண்ணி குடிக்க முடியணும், மூச்சிரைக்க முடியணும். மொத நாளே மாட்டாதீங்க. கூடைக்குள்ள அடியில கொஞ்சம் தயிர் தடவி கையில பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, அதுவா வந்து மூக்கை உள்ள விட்டு நக்கட்டும், நக்கி முடிச்சதும் எடுத்துடட்டும். ரெண்டு மூணு நாள் இது மட்டும். அப்பறம் மூக்கு உள்ள இருக்கறப்ப வாரை பின்னால கொண்டு போங்க, மாட்ட வேணாம், கிளிக் சத்தத்தை மட்டும் கேக்கட்டும். அப்பறம் அஞ்சு செகண்ட், அரை நிமிஷம், ரெண்டு நிமிஷம். மசிலைக் கையில எடுத்தாலே வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வரும், எங்க க்ளினிக்ல ஒரு ராட்வீலர் அதைத் தானே வாயில கவ்விக்கிட்டு வரும். ஒரு பத்து நாள் இதைப் பண்ணிட்டு அந்தப் பேப்பரையும் சேத்து எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல உங்க லெட்டரைத்தான் மொதல்ல எடுப்பேன்.